இரவல் சட்டையில் நடந்த கல்யாணம்

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி எழுதிக்கொள்வது. முழங்கால் வலி இந்த வாரம் எந்தக் காலில், அண்ணனுக்குக் காது மெஷின் பழகிவிட்டதா, பேரப்பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்கிறார்களா என்று வரிசையாக விசாரிக்க வேண்டியது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என் நலத்தைக் கேட்டால், உங்கள் தம்பி போய் ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகிறது. சாப்பிடுகிறேன், கடையைத் திறக்கிறேன், சாத்துகிறேன். அவ்வளவுதான் நலம்.

நேற்று முன்தினம் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏண்டி, எந்தம்பி செத்து ஆறு மாசம் ஆகல, அதுக்குள்ள கல்யாணத்த ரத்து பண்ணக் கோர்ட்டுக்குப் போனியாமே! இருபத்தாறு வருசம் அவன்கூட இருந்தது உனக்குப் பத்தலையா, புடிக்கலையா?" நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்ப நாலு தரம் அடித்தேன். நாலு தரமும் அண்ணன்தான் எடுத்தார். "கரண்டு ஆபீஸா? நேத்தே வந்துருச்சுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் கடிதம். நான் ஐந்தாவது வரைக்கும் போனவள், எழுத்து மூட்டை கட்டின துணி மாதிரிதான் இருக்கும். ஆனால் கடிதத்தை நடுவில் வைக்க முடியாது பாருங்கள், அது ஒரு வசதி.

உங்கள் மருமகள் என்னைக் குடும்பக் கோர்ட்டில் பார்த்தது உண்மை. 'திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கோரும் வழக்கு' என்று சொல்லி என்னைக் கூப்பிட்டதும் உண்மை. ஆனால் அது என் கல்யாணம் இல்லை அண்ணி. நான் சாட்சி. பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். அவள் எதற்கு அங்கே வந்தாள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் இஸ்திரிக்கடை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு நேர் எதிரே இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது, அதை மறைத்துக்கொண்டு மேலே எழுத முடியாது. கல்யாணம் பதிவு செய்ய வருகிறவர்கள் எல்லாம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவதில்லை. சாட்சி குறையும், பேனா குறையும், மாப்பிள்ளைக்குத் தைரியம் குறையும். சாட்சி குறைந்தால் நாங்கள் இரண்டு பேரும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். சட்டை குறைந்தால்தான் சங்கடம். பஸ்ஸில் கசங்கி, டீயைக் கொட்டிக்கொண்டு, வேர்த்து நனைந்து ஒருத்தன் வந்து நிற்பான். உங்கள் தம்பி அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். அடுக்கி வைத்த துணிக்குள் கையை விடுவார். அளவெடுத்தது போல ஒரு சட்டை வெளியே வரும். யார் சட்டை? யாரோ ஒரு வாடிக்கைக்காரர் சட்டை! "அர மணி நேரந்தான். போட்டுட்டுப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்து கழட்டிக் குடுத்துரு. இரவல்னு செத்தாலும் மூச்சு விடக்கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்புவார். சட்டை திரும்பி வந்ததும் அலசிக் காயவைத்துத் தேய்த்து அடுக்கில் சேர்த்துவிடுவார். தன் சட்டை ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தது அந்த வாடிக்கைக்காரருக்குக் கடைசி வரை தெரியாது.

நான் சண்டை போடவில்லை என்று நினைக்காதீர்கள். "ஒருநாள் மாட்டிக்கிட்டு முழிக்கப் போறீங்க" என்பேன். "அடியே, அந்த மனுசன் ஒரு கல்யாணத்துக்கு ஒத்தாச பண்ணியிருக்காரு. அவருக்கே தெரியலன்னா புண்ணியம் கொறஞ்சிருமா?" என்பார். இந்த வாய் யார் வீட்டுச் சொத்து என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு பழக்கமும் உண்டு. பாக்கெட்டில் மருந்துச் சீட்டு இருந்தாலும் பஸ் டிக்கெட் இருந்தாலும் அதையும் ஒரு இழுப்புத் தேய்த்து, மடித்து, அதே பாக்கெட்டில் வைத்துவிடுவார். பிரித்துப் பார்க்க மாட்டார். அடுத்தவர் சட்டையைத் தூக்கிக் கொடுக்கலாம், அடுத்தவர் சீட்டைப் படிக்கக் கூடாது. இதுதான் உங்கள் தம்பியின் நேர்மை, இந்த நேர்மைதான் கோர்ட் வரைக்கும் போனது.

அன்றைக்கு வந்தவன் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். கட்டிக்கொள்ள வந்தவள் பல்செட் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள். அவள் கட்டிடத்து லிஃப்ட் பாதி வழியில் நின்று முக்கால் மணி நேரம் அவள் உள்ளே மாட்டிக்கொண்டபோது இவன் வெளியிலிருந்து "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று கத்திக்கொண்டே இருந்தானாம். முகத்தைப் பார்க்கும் முன்பே பிடித்துப்போனது என்று பின்னால் அவளே சொன்னாள். கல்யாணத்துக்கு வருகிற வழியில்கூட எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள் தலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், முதுகு முழுக்கக் கிரீஸ். பெண் வந்து சேருவதற்குள் அவசர அவசரமாக ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டோம். கடைக்கு மேலே மாடி அறையில் தனியாகத் தங்கியிருக்கிற மருந்துக் கம்பெனிக்காரர் சட்டை அது. அவர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர், மாதத்துக்கு ஒரு தரம்தான் துணி கேட்பார், எண்ணிப் பார்க்கவும் மாட்டார். நாங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்தால் மழை கொட்டுகிறது, ஒரு வாடகைக் கார் கிடைத்தது, "அண்ணே, நாளைக்கு வர்றேன்!" என்று கத்திவிட்டு இரண்டு பேரும் ஏறிப் போய்விட்டார்கள். சட்டையும் போய்விட்டது. "போகட்டும் விடு, புதுசாக் கட்டினவன், ஒருநாள் நல்ல சட்ட போட்டுக்கட்டும்" என்றார் உங்கள் தம்பி.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, நான் கைப்பக்கம் தேய்த்து முடித்த ஒரு சட்டையை அவரிடம் தள்ளினேன். காலர் எப்போதும் அவர்தான் தேய்ப்பார், என்னை விடமாட்டார். பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். மற்றதெல்லாம் நீங்கள் வந்து பார்த்ததுதான். யார் துணியிலும் ஒரு கருகல் இல்லை அண்ணி. பெட்டியை நிமிர்த்தி வைக்க நேரம் இருந்த மனுசனுக்கு என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத்தான் நேரம் இல்லை.

அந்த லிஃப்ட் மாப்பிள்ளை சட்டையை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பூட்டின கடையைப் பார்த்து, விஷயம் கேள்விப்பட்டு, அழுதுகொண்டே திரும்பிப் போயிருக்கிறான். மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி அதைத் துவைக்க எடுத்துப் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறாள். உள்ளே ஒரு கடிதம், தேய்த்து மடித்தது. 'சின்னவளுக்கு அப்பா என்று சொல்ல வந்துவிட்டது. தபால்காரரைப் பார்த்துக்கூடச் சொல்கிறாள். நீங்கள் வந்து நின்றால் சரியான ஆளிடம் சொல்லுவாள். பதில் எழுதவும். இப்படிக்கு, உங்களைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிடக்கும் மனைவி.' மேலேயும் பெயர் இல்லை, கீழேயும் பெயர் இல்லை.

"யாரு இது?" என்று கேட்டிருக்கிறாள்.

"தெரியாது."

"ஒம் பாக்கெட்ல இருக்கு, ஒனக்குத் தெரியாதா?"

"அது எஞ்சட்ட இல்ல."

"கல்யாணத்துல நீதான போட்டிருந்த? அப்ப யாரு சட்ட?"

"அதச் சொல்ல முடியாது."

நீங்களே சொல்லுங்கள், கல்யாணமான மூன்றாம் நாள் எந்தப் பெண்டாட்டிக்கு இந்தப் பதில் போதும்? அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. போன மாதம் அந்தப் பெண்ணுடைய வக்கீல் ஒரு சம்மனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த பிறகுதான் தெரியும். பதிவேட்டில் என் கையெழுத்து இருப்பதால் நான் வந்து 'ஆமாம், இவர்கள் இரண்டு பேருக்கும்தான் பதிவு நடந்தது' என்று சொல்ல வேண்டுமாம். "விவாகரத்தா சார்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. விவாகரத்துன்னா நடந்த கல்யாணத்த முடிச்சு வைக்கிறது. இது கல்யாணமே செல்லாதுன்னு சொல்லச் சொல்றது. தீர்ப்பு வந்துட்டா அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லைன்னு அர்த்தம்."

கறை பட்ட துணியைத் துவைக்கலாம், கிழிந்தால் தூக்கிப் போடலாம். இது அந்தத் துணியை நெய்யவே இல்லை என்று சொல்கிற சமாசாரம். "அப்படிச் சொல்ல என்னென்ன காரணம் வேணும்?" என்றேன். மனுசன் நின்றபடியே பாடம் நடத்திவிட்டார். கட்டும்போதே உயிரோடு இன்னொரு துணை இருந்தால், நெருங்கிய ரத்த உறவாக இருந்தால், அந்தக் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதாம். மிரட்டிக் கட்டிவைத்தால், புத்தி நிதானமில்லாத நேரத்தில் சம்மதம் வாங்கினால், தாம்பத்தியத்துக்கே வழியில்லை என்றால், முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றினால், பாதிக்கப்பட்டவர் வந்து கேட்ட பிறகு ரத்து ஆகுமாம். கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்களாம். மனு, நோட்டீஸ், எதிர்த் தரப்பின் பதில், பதிவேட்டின் நகல், சாட்சி, குறுக்கு விசாரணை என்று வரிசை இருக்கிறதாம்.

முக்கியமான விஷயத்தை மறைத்தால் என்றதும் எனக்கு உங்கள் குடும்பம்தான் ஞாபகம் வந்தது. உங்கள் தம்பி தூக்கத்திலும் இஸ்திரி போடுவார், பக்கத்தில் படுத்தவர் முதுகில் கையை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருப்பார் என்று கல்யாணத்துக்கு முன்னால் உங்களில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லையே! அதையும் கேட்டுவிட்டேன். வக்கீல் சிரிக்காமல் சொன்னார், "அது சேராதும்மா. சேர்ந்தாலும், தெரிஞ்சு ஒரு வருசத்துக்குள்ள வந்திருக்கணும். தெரிஞ்ச பிறகும் மனசார சேர்ந்து வாழ்ந்திருந்தா கேக்க முடியாது." நான் முதல் வாரமே தெரிந்துகொண்டு இருபத்தாறு வருசம் சேர்ந்து வாழ்ந்து தொலைத்துவிட்டேன். ஆகவே என் வழக்கு நிற்காது, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். இப்போது அந்தக் கை இல்லாமல்தான் என் முதுகு தூங்கமாட்டேன் என்கிறது.

வக்கீல் போன பிறகு எனக்குக் கை ஓடவில்லை. அது இரவல் சட்டை என்று தெரிந்த உயிர் இனி இரண்டுதான், ஒன்று அந்த மாப்பிள்ளை, ஒன்று நான். நான் வாயைத் திறந்தால் உங்கள் தம்பி ஊரார் சட்டையை இரவல் விட்டவர் என்று கோர்ட்டில் பதிவாகும். கடையில் ஒரு துணி மிஞ்சாது. திறக்காவிட்டால் ஒரு நல்ல பிள்ளை இரண்டு பெண்டாட்டிக்காரன் என்று பெயர் வாங்குவான். எட்டு நாள் இதே யோசனை. கடைசியில், கையெழுத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவது, செத்தவர் பெயர் கெடவேண்டாம் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். உங்கள் முகமும் கண் முன்னால் வந்தது, பொய் சொல்லவில்லை.

அறை சின்னது. ஜட்ஜ் அம்மாவுக்கு மேலே ஒரு மின்விசிறி கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மாப்பிள்ளை தனக்கென்று வக்கீல்கூட வைக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வக்கீல் பதிவேட்டு நகலை என் முன்னால் வைத்து, "இதுல சாட்சி இடத்துல இருக்கிற கையெழுத்து ரெண்டும் யாரோடது?" என்றார். ஒன்று என்னுடையது. பக்கத்தில் அவருடையது, கயிற்றில் காயும் துணி காற்றுக்குச் சாய்ந்தது போல. அவர் போட்ட கடைசிக் கையெழுத்து அதுதான் அண்ணி. அன்றைக்கு ஒன்றும் நடக்கவே இல்லை என்று எழுதிவிட்டால், அந்தக் கையெழுத்து எதற்குச் சாட்சி? அழுகை வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டுகிறான். தன் குடும்பம் போகிற நேரத்தில் உங்கள் தம்பி மானத்தைக் காப்பாற்றுகிறானாம்!

"அது அவன் சட்ட இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வக்கீல் குதித்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா!"

"நீங்க சொல்லுங்க" என்றார் ஜட்ஜ் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சிப் பொருளாக அந்தச் சட்டையும் மேசையில்தான் இருந்தது. "காலருக்கு உள்பக்கம் பாருங்கம்மா. மையில ரெண்டு புள்ளி, ஒரு கோடு இருக்கும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி வெச்சிருக்கோம். அது மாடி அறை மருந்துக் கம்பெனிக்காரர் குறி" என்றேன். திருப்பிப் பார்த்தார், இருந்தது. அவ்வளவுதான், அந்த அறையில் இருந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் கை தானாகக் காலருக்குப் போனது. வக்கீலுடைய கையும் போனது. அவர் வீட்டுக் குறி மூன்று புள்ளி. எத்தனை கல்யாணத்துக்குப் போய்வந்த சட்டை என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஜட்ஜ் அம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். "எங்க வீட்டுத் துணியும் உங்க கடைக்குத்தான் வருது. அதுவும் போயிருக்கா?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் சட்டை இதுவரைக்கும் எந்த மாப்பிள்ளைக்கும் அளவு சேரலம்மா" என்றேன். சத்தியம் பண்ணிவிட்டு ஏறினவள், வேறு என்ன சொல்வது? குனிந்து ஏதோ எழுதினார். தோள் குலுங்கியது.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். கோர்ட் என்றும் பார்க்கவில்லை. "இதச் சொல்ல ஒனக்கு வாய் இல்லையா?" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

"அண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"அவர்தான் போய்ச் சேந்துட்டாருல்ல!"

"அதனாலதான். உயிரோட இருந்தா போயி, அண்ணே, சொல்லிக்கட்டுமான்னு கேட்டிருப்பேன். இப்ப யார்கிட்டக் கேக்குறது?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அஞ்சு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டியாடா, லூசு" என்றாள். அன்றைக்கே மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று வக்கீல் எழுதிக் கொடுத்தார், முகம் செத்துப்போய்.

மறுநாள் ஐந்து வீட்டுக்காரர்கள் வந்து துணியை எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். நானே மூட்டை கட்டிக் கொடுத்தேன், அவர்கள் துணி. மருந்துக் கம்பெனிக்காரர் படி இறங்கி வந்தபோது, வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அந்த லெட்டர் எங்கம்மா? பதில் போடலன்னு என் வீட்டுக்காரி அஞ்சு மாசமா எங்கூடப் பேசறதில்ல." அது கோர்ட்டில் சாட்சி ஆவணம். தன் பெண்டாட்டி தனக்கு எழுதின கடிதத்துக்கு அந்த மனுசன் இப்போது நகல் மனு போட்டுவிட்டு முத்திரைக்காகக் காத்திருக்கிறார். போகும்போது, "இனிமே குடுத்தா பாக்கெட்டப் பாத்துட்டுக் குடுங்கம்மா" என்றார். துணியை என்னிடமேதான் விட்டுவிட்டுப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். உங்கள் தம்பி பெயரைக் கோர்ட்டில் கெடுத்தாயா என்றால், ஆமாம், கெடுத்தேன். அது தப்பென்றால் வந்து நேரில் திட்டுங்கள், போனில் திட்டாதீர்கள். ஆனால் என் கல்யாணத்துக்காக நான் கோர்ட் படி ஏறவில்லை, ஏறவும் மாட்டேன். அதற்கு அவசியமே இல்லை. நான் அவருக்குக் கட்டினவள், இதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கத்தைக் காதருகில் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நூறு ஆயுசு. மருமகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள், எங்கே பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள் மனம் நோகக் கூடாது என்று நினைக்கும்,
தம்பி பெண்டாட்டி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு வேலையாக ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்வந்தேன். கடை லைசென்சை என் பெயருக்கு மாற்ற எங்கள் கல்யாணப் பதிவு நகல் வேண்டுமாம். கிளார்க் பழைய பதிவேடு எல்லாம் புரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்: "அக்கா, சாட்சி இடத்துல உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் எந்தப் பக்கத்தத் திருப்பினாலும் இருக்கு. மணமக்கள் இடத்துல எங்கயும் இல்லியே." பதிவு பண்ணிவிட்டேன் என்று உங்கள் தம்பி என்னிடம் சொன்னது கல்யாணமான மூன்றாம் மாதம். அதற்கு என் கையெழுத்தும் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது, தெரிந்த பிறகு நினைத்துப் பார்க்கவும் இல்லை. எதிர் வாசல்தானே, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று இருபத்தாறு வருசம் இருந்திருக்கிறார். ரத்து பண்ணுவதற்குக்கூட எங்களிடம் ஒரு கல்யாணம் இல்லை. வக்கீலிடம் ஓடினேன், அதே மூன்று புள்ளி வக்கீல்தான். நடந்தது நடந்ததுதான், ஆனால் தாளில் வரவேண்டுமென்றால் கோர்ட்டில் மனு போட வேண்டும், தாலி கட்டும்போது பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேர் வந்து கண்ணால் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும் என்றார். ஆகவே மேலே நான் ஏறமாட்டேன் என்று எழுதின படியில் வருகிற பதினான்காம் தேதி ஏறுகிறேன். அப்படி நின்றவர்களில் இப்போது மிச்சம் நீங்களும் அண்ணனும்தான். 'பொண்ணு கொஞ்சம் குட்டைதான்' என்று நீங்கள் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னீர்களே, அதையே ஜட்ஜ் அம்மாவிடம் சொன்னாலும் போதும். என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை என்றால் கோபத்தோடேயே வாருங்கள். சாட்சி சொல்ல அது தடையில்லையாம், வக்கீலைக் கேட்டுவிட்டேன்.